பழைய ட்வின் டப் வாஷிங் மெஷினைப் பிரிப்பது எப்படி: எதை எடுப்பது, எதை எடைக்குப் போடுவது

1990-களில் நம் வீடுகளுக்குள் வந்த இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் இப்போது அடிமாட்டு விலைக்குக் காயலான் கடைகளில் கிடக்கின்றன. பி.பி.எல்.-சான்யோ, டி.வி.எஸ். வேர்ல்பூல், கோத்ரெஜ்-ஜி.இ. என்று நெற்றியில் ஒட்டியிருக்கும் அந்தப் பெயர்ப்பட்டைகளைப் புது மெஷின்களில் பார்க்க முடியாது. எடைக்கு வாங்குபவரின் கண் இரண்டு மோட்டாரிலும் தகட்டிலும் இருக்கும். சேகரிப்பவரின் கணக்கு நேர் எதிர். மோட்டார், கெபாசிட்டர், பெல்ட், டிரெயின் பைப் எல்லாம் ஸ்பேர் கடையில் புதிதாகக் கிடைக்கின்றன. இனி யாரும் வார்க்கப் போவதில்லை என்பவை புல்சேட்டர் (வாஷ் தொட்டியின் அடியில் சுற்றித் துணியை அலசும் தட்டு), நாப், டைமர் பேனல், மூடி, பெயர்ப்பட்டை, ஸ்பின் டப் (துணியைச் சுழற்றிப் பிழியும் தொட்டி) ஆகியவைதான்.

துருப்பிடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் 'எதை உடைப்பது' என்ற கேள்வி வரும். கடையில் கிடைப்பதை வெட்டுங்கள், கிடைக்காததைக் காப்பாற்றுங்கள். கீழே வரும் வேலை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

எதைப் பிரிக்கலாம்

உடலும் தொட்டியும் நன்றாக இருக்கும் மெஷினைப் பிரிக்காதீர்கள். மோட்டார் எரிந்திருந்தாலும் அதை முழு மெஷினாகவே வைத்திருந்து ஓட வைப்பது நல்லது. பிரிக்க ஏற்றது தொட்டி விரிசல் விட்டது, அல்லது அடித்தகடு உளுத்துப் போனது. வாஷ் தொட்டியும் ஸ்பின் பக்கத்து வெளித்தொட்டியும் ஒரே வார்ப்பாக பாலிபுரோப்பிலீனில் இருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்து ஒட்டாது. எம்-சீல் பூசியிருந்தால் அது சில மாதத்தில் உரிந்துவிடும். ஏற்கெனவே உரிந்த தடம் இருந்தால் யாரோ முயன்று தோற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

விரிசலைக் கண்ணால் தேடுவதைவிட மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். கசிந்த தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடு விட்டிருக்கும். போர் தண்ணீர் ஊர்களில் இந்தக் கோடு தப்பவே தப்பாது. கோடு புல்சேட்டர் அச்சைச் சுற்றி இருந்தால் அநேகமாகத் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் போயிருக்கும், தொட்டி நன்றாக இருக்கலாம். மூலையிலிருந்து கிளம்பினால் தொட்டியே விரிந்திருக்கிறது.

விலை பேசும்போது நான்கு விஷயம் பாருங்கள். எல்லா நாப்களும் இருக்கின்றனவா. இரண்டு மூடியும் கீல் உடையாமல் இருக்கின்றனவா. ஸ்பின் டப்பின் உள்ளே துணிமேல் வைத்து அமுக்கும் வட்டப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா. பின்கவரின் உட்புறம் ஒயரிங் படம் ஒட்டியிருக்கிறதா. இந்த வட்ட மூடிதான் முதலில் தொலையும் பொருள். மெஷினை விற்ற வீட்டில் அது இன்னும் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிந்தால் விசாரித்து வாங்குங்கள்.

காயலான் கடையை மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழையதை எடுக்கும் ஷோரூம்களின் குடோன், ஏரியா மெக்கானிக்கின் கடைப் பின்புறம், காலி செய்யும் வீடுகள் ஆகியவற்றில் வெயில் படாத சரக்கு கிடைக்கும். வெட்டவெளியில் ஒரு கோடை கிடந்த மெஷினின் பேனல் நொறுங்கத் தயாராக இருக்கும். அதில் உள்ளே இருக்கும் பாகங்களை மட்டும் எதிர்பாருங்கள்.

கை வைக்கும் முன்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பின்கவருக்குள் எலி குடியிருந்திருக்கும். எலி மூத்திரம் பட்ட இடத்தில் வெறுங்கை, அதுவும் கீறல் உள்ள கை, எலிக்காய்ச்சலுக்கு வழி. பிளீச்சிங் கரைசல் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்த குப்பையைப் பெருக்கவோ ஊதவோ வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஓட்டலாம், ஆனால் நேரடியாகப் பிளக்கைச் சொருகாதீர்கள். முதலில் பின்கவரைத் திறந்து எலி கடித்த வயர் இருக்கிறதா பாருங்கள். பிறகு மல்டிமீட்டரில் பிளக்கின் பெரிய பின்னுக்கும் மெஷினின் தகட்டுக்கும் இடையே அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் பச்சை வயரை யாரோ வெட்டிவிட்டிருப்பார்கள். மற்ற இரண்டு பின்னுக்கும் தகட்டுக்கும் இடையே எந்த ரீடிங்கும் வரக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால், 100 அல்லது 200 வாட் குண்டு பல்பு வைத்த சீரிஸ் போர்டு (மெஷினுக்குப் போகும் கரண்ட் பல்பைக் கடந்தே போகும் போர்டு) வழியாக, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனை அறுக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்து மோட்டார் லேசாக உறுமினால் சுற்று உயிரோடு இருக்கிறது. சீரிஸ் பல்பில் மோட்டார் முழு வேகம் எடுக்காது, அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஐந்து நொடி பிடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடுவது மெக்கானிக் கடைப் பழக்கம். கெபாசிட்டரின் உள்தகடு அதனால் கெடும்.

கடைசியாகப் படம். ஒரு வயரைக்கூடக் கழற்றும் முன் பின்பக்கம் முழுதாக ஒன்று, கெபாசிட்டர் இணைப்பு, மோட்டார் இணைப்புகள், பிரேக் வயர் (ஸ்பின் மூடியோடு இணைந்தது) போகும் பாதை, டிரெயின் பட்டை (டிரெயின் வால்வைத் தூக்கும் பட்டை) மாட்டியிருக்கும் ஓட்டை. பிரேக் வயரையும் டிரெயின் பட்டையையும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பது முக்கியம். ஒரு ஓட்டை மாறினால் பிரேக் எப்போதும் உரசும், அல்லது தண்ணீர் எப்போதும் கசியும். ஒயரிங் படம் காகிதத்தில் இருந்தால் அதையும் படமெடுத்துவிட்டு, ஹேர் டிரையரில் இளஞ்சூடாக்கி மெல்ல உரியுங்கள்.

மேல் பேனல்: அவசரப்படக் கூடாத இடம்

உடைந்தால் மாற்று இல்லாத பாகங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. பிரிக்கும் ஆட்களும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

நாப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். நெம்பினால் பேனலில் பள்ளம் விழும், நாப்பின் உள்குழாயும் பிளந்துவிடும். ஒரு பருத்தித் துணிப் பட்டையை நாப்பின் அடியில் சுற்றிவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து நேர்மேலே இழுங்கள். வராவிட்டால் ஹேர் டிரையர் ஒரு நிமிடம். டைமர் தண்டு அரைவட்ட வடிவம் என்பதால் நாப்பைத் திருகி எடுக்க முடியாது. முக்கியமாக, டைமரைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. உள்ளே இருப்பது ஸ்பிரிங் முறுக்கிய பிளாஸ்டிக் பல்சக்கரம். எதிர்ப்பக்கம் பலம் கொடுத்தால் பல் போய்விடும்.

பேனல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். ஸ்க்ரூக்கள் பின்பக்கமும் மூடிகளுக்கு அடியிலும் இருக்கும்; சில பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் பேனல் அசையாவிட்டால் இன்னொரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது. இழுக்காமல் தேடுங்கள். ஜப்பானியக் கூட்டில் வந்த மெஷின்களில் ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளம் சாதாரண இரண்டாம் நம்பர் ஸ்டாருக்குச் சற்று மாறுபடும். டிரைவர் மேலே வழுக்கினால் உடனே நிறுத்திவிட்டு ஜப்பானிய அளவு டிரைவரைத் தேடுங்கள். தலை மழுங்கிய பிறகு தேடிப் பயனில்லை.

பிளாஸ்டிக்கில் இறுகிய துரு ஸ்க்ரூவுக்குச் சால்டரிங் அயர்ன் நல்ல மருந்து. 25 முதல் 60 வாட் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் பத்துப் பதினைந்து நொடி வைத்துவிட்டு, முதலில் கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அதிக நேரம் வைத்தால் ஓட்டையே உருகும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எதையும் பேனல் பக்கம் கொண்டுவராதீர்கள். ஏ.பி.எஸ். மினுமினுப்பு போய் வெடிப்பு விடும். கண்ணாடி போன்ற மூடி இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

பெயர்ப்பட்டை பசையில் ஒட்டியிருந்தால் சூடாக்கி, தூண்டில் நரம்பை அதன் பின்னால் விட்டு அறுப்பதுபோல் இழுங்கள். கத்தி நுழைத்தால் அலுமினியப் பட்டை மடங்கும். மடிந்த கோட்டை நிமிர்த்த வழியில்லை.

டைமர் வயர்களை அவிழ்க்கும்போது ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மூடிய முனைக் கிரிம்ப் (வயர்களின் முனைகளைச் சேர்த்து நசுக்கிப் பிடிக்கும் தொப்பி) போட்ட இணைப்பை வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது கிரிம்ப்பை ஒட்டி வெட்டுங்கள், டைமர் பக்கம் 10 சென்டிமீட்டராவது வயர் நிற்கட்டும். வாலில்லாத டைமரில் நிறம் தெரியாது, நிறம் தெரியாத டைமரை மறுபடி கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை.

ஸ்பின் பக்கம்

ஸ்பின் மோட்டார் டப்புக்கு நேர் கீழே மூன்று ஸ்பிரிங் மேல் நிற்கிறது. அதன் தண்டு ஒரு கப்ளிங்குக்குள் கீழிருந்தும், டப்பின் தண்டு அதே கப்ளிங்குக்குள் மேலிருந்தும் நுழைகின்றன. கப்ளிங்கின் வெளிவட்டம்தான் பிரேக் டிரம். மூடியைத் திறந்தால் பிரேக் வயர் தளர்ந்து, அங்குள்ள ஸ்பிரிங் பிரேக் கட்டையை டிரம்மில் அழுத்தும்.

இந்தப் பக்கத்து நோய் பெரும்பாலும் ஒன்றே. டப் தண்டைச் சுற்றியுள்ள பெல்லோ சீல் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) தேயும், சோப்புத் தண்ணீர் தண்டு வழியாக இறங்கும், கப்ளிங் துருப்பிடிக்கும், பிறகு மோட்டாரின் மேல் புஷ்ஷில் (தண்டு உள்ளே சுற்றும் உலோக வளையம்) தண்ணீர் புகும். மோட்டார் இறுகி எரிவது இதன் கடைசிக் கட்டம். ஆகவே எரிந்த ஸ்பின் மோட்டார் கிடைத்தால் கப்ளிங்கும் இறுகியிருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

கப்ளிங்கில் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டும் அவற்றுக்கு லாக் நட்டும் இருக்கும். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர். லாக் நட்டை முதலில் தளர்த்தி, பிறகு போல்ட்டைப் பல சுற்று வெளியே எடுங்கள். போல்ட் நுனி தண்டில் குழி விழுத்தியிருக்கும், குழியின் ஓரத்தில் பிசிறு நிற்கும். டப்பை நேரே தூக்கினால் அந்தப் பிசிறுதான் தடுக்கும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கப்ளிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டப்பை இடமும் வலமும் ஆட்டியபடி தூக்குங்கள்.

அப்போதும் வராவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். கீழிருந்து அடித்தால் டப் தண்டு பிளாஸ்டிக் அடியிலிருந்து கழன்றுவிடும், மேலிருந்து அடித்தால் மோட்டார் புஷ் நகரும். டப் கிடைக்காது, கப்ளிங் கிடைக்கும். கிரைண்டரால் கப்ளிங்கை நீளவாக்கில் இரண்டு பக்கம் கீறி, உளி வைத்துப் பிளந்துவிடுங்கள். தண்டைத் தொடும் முன் கிரைண்டரை நிறுத்த வேண்டும். கடைசி ஒரு மில்லிமீட்டரை உளி பார்த்துக்கொள்ளும்.

டப் வெளியே வந்ததும் தண்டில் சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தத் தண்டில் புது சீல் போட்டாலும் கசியும். தூக்கி எறிய வேண்டாம். பொருத்தும்போது சீலை இரண்டு மி.மீ. மேலோ கீழோ உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். டப்பின் மீது ஒரு சீட்டில் இதை எழுதி ஒட்டிவிடுங்கள். சில டப்களின் மேல் வளையத்தைக் குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்கும். அது பாலன்ஸ் வளையத்தின் உப்புக் கரைசல், அப்படித்தான் இருக்க வேண்டும். சத்தம் இல்லாமல் வளையத்தில் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தால் கரைசல் வெளியேறிவிட்டது. டப் அதிரும், காட்சிக்கு மட்டும் உதவும்.

பிரேக் கட்டையின் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கட்டிப் போடுங்கள். மூன்று ஸ்பிரிங்கையும் அவற்றின் ரப்பர் குமிழோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள். இரண்டு மெஷினின் ஸ்பிரிங்கைக் கலந்து போட்டால் மோட்டார் சாய்ந்து நிற்கும், டப் வெளித்தொட்டியில் அடிக்கும்.

வாஷ் பக்கம்

புல்சேட்டரின் நடுவே ஒரு மூடி, அதனடியில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. ஸ்க்ரூ எளிதாக வந்துவிடும், புல்சேட்டர் வராது. தண்டின் பல்வரிக்கும் (சுற்றிலும் வரியாக உள்ள பற்கள்) பிளாஸ்டிக்குக்கும் நடுவே சுண்ணாம்பு உப்பு படிந்திருப்பதுதான் காரணம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, புல்சேட்டர் மூழ்குமளவு ஊற்றி இரண்டு மூன்று மணிநேரம் விடுங்கள். தொட்டி ஒழுகினால் துணியை நனைத்து நடுவில் பொதிந்து வைக்கலாம். புல்சேட்டரோ தண்டின் தலையோ அலுமினியமாக இருந்தால் இந்தக் கரைசல் கூடாது, அரித்துவிடும். அங்கே வெறும் வெந்நீர்தான்.

பிறகு பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டை இரண்டு எடுத்து, புல்சேட்டரின் எதிரெதிர் விளிம்புகளின் அடியில் நுழைத்து, இருவர் ஒரே நேரத்தில் நேர்மேலே இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் விளிம்பு பிய்யும். இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதும் உண்டு. அதில் புல்சேட்டர் தப்பினாலும் தொட்டி ஓட்டையாகும். வந்த புல்சேட்டரின் அடியில் ஊக்கு, சட்டை பட்டன், ஐம்பது பைசா எல்லாம் கிடைக்கும். அடிப்பக்கத்தில் வட்டமாகக் கீறல் இருந்தால் அந்தக் காசுகளின் வேலை. ஆழமில்லை என்றால் பயன்பாட்டுக்குப் பாதகமில்லை.

பல்வரியின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பல் மழுங்கியிருந்தால் துணி போட்டதும் தண்டு மட்டும் சுற்றும். அது போன புல்சேட்டர். அடுத்து பல்வரியின் பல் எண்ணிக்கை, தண்டுத் துளை விட்டம், புல்சேட்டரின் வெளிவிட்டம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். பெயர்ப்பட்டை ஒன்றாக இருந்தும் இரண்டு மாடலின் பல்வரி பொருந்தாமல் போவதும், வேறு வேறு பெயரில் வந்தவை கச்சிதமாகப் பொருந்துவதும் சாதாரணம். பெயரை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள்.

மெஷினைச் சாய்த்தால் அடியில் மோட்டாரின் சிறு புல்லி, பெல்ட், பெரிய புல்லி தெரியும். மோட்டார் பிளேட்டின் நீள ஓட்டைப் போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் கழன்றுவிடும். பெரிய புல்லியின் நடு போல்ட்டை எடுத்த பிறகு, சிறு புல்சேட்டர் உள்ள மெஷினில் வெறும் தண்டும் பேரிங் கூடும் இருக்கும். பெரிய புல்சேட்டர் உள்ளதில் கியர் பாக்ஸ் இருக்கும். இரண்டையும் கூடோடு முழுதாகவே எடுங்கள். கியர் பாக்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். கையால் சுற்றினால் வழுவழுவென ஓடி, இரு பக்கம் திருப்பும்போது சிறு தட்டல் மட்டும் கேட்டால் நல்லது. கரகரவென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

டிரெயின் வால்வு இரண்டு தொட்டிக்கும் நடுவே உள்ள பெட்டியில் இருக்கும். மூடியைத் திருகினால் ஸ்பிரிங்கோடு ரப்பர் பெல்லோ வெளியே வரும். ரப்பர் பொதுவாக வீண், மூடியும் கொக்கியும் மட்டும் எடுத்துவையுங்கள்.

எடுத்ததைச் சோதிப்பது

வாஷ் மோட்டாரில் மூன்று வயர். ஒன்று பொது, மற்றவை உள்ளிருக்கும் இரண்டு கம்பிச் சுற்றுகளின் முனை, அந்த இரண்டுக்கும் நடுவே கெபாசிட்டர். டைமர் ஒரு முறை இந்த முனைக்கும் மறுமுறை அந்த முனைக்கும் கரண்ட் கொடுப்பதால்தான் புல்சேட்டர் வலமும் இடமும் சுற்றுகிறது. இதனால் இரண்டு சுற்றின் ஓமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பொதுவாகச் சில பத்து ஓம். முனைக்கு முனை அளந்தால் இரண்டின் கூட்டல் வரும். ஒன்று 35, மற்றது 22 என்று வந்தால் குறைந்த சுற்றில் உள்ளே ஷார்ட். ஸ்பின் மோட்டார் ஒரே திசையில் ஓடுவது, ஆகவே அதன் இரண்டு சுற்றும் சமமாக இருக்காது. அதில் வித்தியாசம் பார்த்துக் கெட்டது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எந்த வயரிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ரீடிங் வரக் கூடாது. மல்டிமீட்டர் பெரிய கசிவை மட்டுமே காட்டும். 500 வோல்ட் மெகர் (சிறு கசிவையும் காட்டும் இன்சுலேஷன் மீட்டர்) கிடைத்தால் 2 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் உடனே கழிக்காதீர்கள். இரண்டு நாள் நிழலில், 60 வாட் பல்புக்கு அருகே வைத்து உலர்த்தி மறுபடி அளந்தால் பல மோட்டார்கள் தேறிவிடும்.

புஷ் இறுகியிருந்தால் மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு. தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓரிரு மாதத்தில் அது பிசினாகி மோட்டாரை மறுபடி இறுக்கும்.

கெபாசிட்டரைச் சேர்த்துவைப்பதில் பொருளில்லை. வாஷ் பக்கம் 8 முதல் 12 மைக்ரோஃபாரட், ஸ்பின் பக்கம் 4 முதல் 6 என்ற அளவில் இருக்கும், 400 அல்லது 440 வோல்ட். எழுதியதில் பத்துச் சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கெட்டது. மோட்டார் உறுமிக்கொண்டே நின்று, கையால் தட்டினால் சுற்றத் தொடங்கும் நோய்க்கு இதுவே காரணம். எழுத்துள்ள பழைய தகர டப்பாவைக் காட்சிக்காக வைத்துக்கொண்டு, மெஷினுக்குப் புதிது போடுங்கள். வீங்கியதையும் எண்ணெய் கசிவதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள்.

வாஷ் டைமரைச் சோதிக்க மல்டிமீட்டரின் பீப் போதும். முழு 15 நிமிடம் முறுக்கி, பொது முனையில் ஒரு குச்சி, ஒரு பக்கத்து முனையில் மற்றது. கொஞ்ச நேரம் பீப், சில நொடி மௌனம், பிறகு மறுமுனைக்கு மாற்றினால் அங்கே பீப் என்று மாறி மாறி வர வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த மௌனம். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பீப் அடித்தால் கான்டாக்ட் தகடு வளைந்திருக்கிறது. அதை மெஷினில் போட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமி எரியும். டைமர் பாதியில் நின்றால் பெரும்பாலும் உள்ளே கரப்பான் முட்டைக்கூடு. கவரின் நான்கு கொக்கியைத் தளர்த்தித் தூரிகையால் எடுங்கள். கான்டாக்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். துருவை இளக்கும் ஸ்பிரேயை டைமருக்குள் அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் சக்கரத்தில் எண்ணெய் ஏறினால் தூசி ஒட்டி நின்றுவிடும்.

மஞ்சளும் கறையும்

சோப்புப் படிவுக்கு வெந்நீரும் பாத்திரச் சோப்பும், உப்புப் படிவுக்கு முன்சொன்ன எலுமிச்சை உப்பு. அச்செழுத்து உள்ள இடத்தில் ஆல்கஹால் கூடாது, எழுத்து துணியோடு வந்துவிடும்.

ஏ.பி.எஸ். பேனலின் மஞ்சளை எடுக்க, அழகு நிலையப் பொருள் கடையில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் பயன்படும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, பேனல் முழுதும் சீராகப் பூசி, ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வெயிலில் வையுங்கள். அரைமணிக்கொரு முறை திருப்புங்கள். கிரீம் காய்ந்த இடம் திட்டாக வெளுக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. நம் ஊர் உச்சி வெயில் இதற்கு ஆகாது, பேனல் வளையும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் இரண்டு மூன்று நாள் செய்வது பாதுகாப்பு. முதலில் உட்புறம் ஒரு மூலையில் பார்த்துவிடுங்கள். இந்த வெள்ளை நிரந்தரமில்லை, சில ஆண்டில் மஞ்சள் திரும்பும். லேசான மஞ்சளை அப்படியே விடுவதே நல்லது.

வைக்கும் முறை

பழைய ரப்பர் சீல் எதையும் மறுபடி போடாதீர்கள். ஆனால் எறியவும் வேண்டாம். அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண் வார்த்திருக்கும். பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் புதிது கிடைக்கும். நல்ல ரப்பர் பாகங்களுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். வண்டிக் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பெல்ட்டை மடிக்காமல் அகலமான கட்டையில் மாட்டுங்கள், முதுகில் எண் அழிந்திருந்தால் புதிதாக எழுதிக் கட்டுங்கள்.

பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடக் கூடாது. நாப்தலீன் ஆவி கண்ணாடி போன்ற மூடிகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். மேற்பரப்பு பிசுபிசுத்து, அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். சிலிகா ஜெல் போதும். மோட்டார் தண்டில் கிரீஸ் தடவி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கையால் சில சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் மெஷின் பெயர், மாடல் எண், சீரியல் எண், பாகத்தின் அளவு நான்கும் இருக்கட்டும். காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், பையின் மேல் எழுதிய மார்க்கர் அழிந்துவிடும்.

மிச்சமிருக்கும் உடல்தகடும் தொட்டியும் காயலான் கடைக்குப் போகலாம். கெட்ட கெபாசிட்டர், பஸ்ஸர், வயர்க் கட்டு ஆகியவற்றை மின்னணுக் கழிவாகப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் வாஷிங் மெஷினும் இருக்கிறது. செம்புக்காக வயரை எரிக்கவே கூடாது, பி.வி.சி. புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். எடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கெட்ட மோட்டாரின் வயரை உடலை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது பெயின்ட் பூசிக்கொண்டு இன்னொருவர் மெஷினில் ஏறிவிடும்.